மருந்தடிக்கிறவனுக்கு வைத்தியம் எங்கே?



மில் தொழிலாளிக்கு 1948லேயே இ.எஸ்.ஐ. சட்டம் வந்தாச்சு. நமக்கு? வயலில் மருந்தடித்து மயங்கி விழுந்தால், 'தானாகக் குடிச்சியா?' என்பதுதான் ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி!

1971ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளில், மருந்து தெளிப்பவரை வேலைக்கு முன்பும், பிறகு வருஷத்துக்கு ஒருமுறையும் டாக்டர் பரிசோதிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நம்மில் யாரை எந்த டாக்டர் பார்த்தார்? மகாராஷ்டிரா யவத்மாலில் 2017இல் பருத்திச் செடி ஆள் உயரம் நின்றது. தெளித்த மருந்து முகத்திலேயே பட்டது. இருபது பேருக்கு மேல் செத்தார்கள். நம்ம ஊரில் இன்னும் மூக்கைக் கட்ட அதே தலைத்துண்டுதான்.

அதனால் கேட்கிறோம். மானோகுரோட்டோபாஸ் மாதிரி விஷத்துக்கு அட்ரோபின் ஊசி எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருப்பு வை! வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை நடத்து! விஷம் ஏறினால் வேலை விபத்து என்று எழுது, நஷ்டஈடு கொடு!