பயிற்சி நின்றது, பசி நிற்கவில்லை

நடுவர் அவர்களே! எதிரணித் தம்பிமார்களே! சாப்பாட்டுத் தட்டோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியவர்களே!

எதிரணித் தம்பி சட்டைக் கையை மடக்கிப் புஜத்தைக் காட்டினார். நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்குப் போனதும் சுத்திப் போடச் சொல்லுங்க. (சிரிப்பு) நான் உடற்பயிற்சிக்கு எதிரி இல்லீங்க. பயிற்சி என்கிற பேரில் தட்டில் வந்து விழுகிறதே, அதற்குத்தான் எதிரி!

எங்க அக்கா மகன் ஒருநாள் போன்ல, "சித்தி, நான் பல்க் பண்றேன்"னான். "ஐயையோ, பல்லுக்கு என்னடா ஆச்சு?"ன்னு பதறிட்டேன். (பலத்த சிரிப்பு) அப்புறம்தான் விளக்கினான். முதலில் கண்டமேனிக்குத் தின்று உடம்பை ஏற்றுவதாம். பிறகு வயிற்றைக் கட்டிக் கொழுப்பை இறக்குவதாம். தசை மட்டும் மிஞ்சுமாம். காலையில் பன்னிரண்டு பச்சை முட்டை, மத்தியானம் ஒரு முழுக்கோழி, ராத்திரி டப்பாப் பவுடர். எங்க அக்கா அடுப்பை அணைச்சு ஆறு மாசம் ஆச்சு! (கைதட்டல்)

அந்தப் பச்சை முட்டையாவது ஒட்டுச்சா? 1998-இல் பெல்ஜியத்தில் ஆராய்ச்சி செய்து சொன்னார்கள். வேகவைத்த முட்டையின் புரதத்தில் நூற்றுக்கு 90 பங்கு உடம்பில் சேருகிறது. பச்சை முட்டையில் சுமார் 50 பங்குதான்!

கணக்குக்கு வாங்க. 70 கிலோ எடையுள்ள சாதாரண ஆளுக்கு ஒரு நாளைக்கு 58 கிராம் புரதம் போதும். கடுமையாகப் பயிற்சி செய்கிறவருக்கு அதைப்போல இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். இவன் அதையும் தாண்டிவிட்டான். தசை மெல்லத்தான் வளரும். நீங்க அவசரப்படுத்தினால் அது கேட்காது. மிஞ்சியது எங்கே போகும்? தினம் 500 கலோரி மிஞ்சினால், பதினைந்து நாளில் சுமார் ஒரு கிலோ கொழுப்பு. அது தொப்பையிலும் கல்லீரலிலும் போய் உட்காருது. நம்ம நாட்டு உடம்புக்கு, கொஞ்சம் எடை கூடினாலே சர்க்கரை வந்துவிடுகிறது. 2024-இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியே புரதப் பவுடரைத் தவிர்க்கச் சொல்கிறது.

"இறக்கிடுவோம்ல"ன்னு எதிரணி சொல்லும். எங்க பையனும் சொன்னான். ஒரு போட்டியில் மேடை ஏறினான். போட்டோ கூடத்தில் தொங்குது. அப்புறம் வேலை கிடைச்சது, கல்யாணம் ஆச்சு, குழந்தை பிறந்தது. பயிற்சி நின்னுபோச்சு. பசி நிக்கலை! நடுவர் அவர்களே, பழகின வயிறு பழைய அளவைக் கேட்குது.

முப்பத்தொரு வயசில் அவனுக்குச் சர்க்கரை. கல்லீரலில் கொழுப்பு. டாக்டர் ரிப்போர்ட்டைப் படிச்சு முடிச்சதும், எங்க அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா: "நான்தானேடி என் கையால ஆக்கிப் போட்டேன்." அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல? (அமைதி)

தாய்மார்களே, பிள்ளை புஜத்தை அளந்து காட்டினால் சந்தோஷப்படுங்க. அதே டேப்பை வாங்கி இடுப்பையும் அளங்க. ஆம்பிளைப் பிள்ளைக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால், கரண்டியைக் கீழே வையுங்க. பயிற்சி இருக்கட்டும், கூட முட்டையும் பருப்பும் அளவா இருக்கட்டும்.

மேடையில் ஒரு நாள் மின்னுவதற்கா இந்த உடம்பு? பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிற வயசு வரைக்கும் வேண்டாமா? இளைஞர்கள் இன்று உடம்பை வளர்க்கவில்லை, கெடுக்கிறார்கள் என்று தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே! (நீண்ட கைதட்டல்)