இரு பண்பாடுகளுக்கிடையே வளரும் இளையோரும் உரித்துணர்வும்



“உன் ஊர் எது?” புலம்பெயர்ந்த மண்ணில் பிறந்த தமிழ்ப் பிள்ளையிடம் இக்கேள்வி இரு திசைகளிலிருந்து கேட்கப்படுகிறது. பள்ளியில் “ரொறன்ரோ” என்றோ “ஒஸ்லோ” என்றோ விடையளித்தால், “அது சரி, உண்மையில் எந்த ஊர்?” என்ற மறுகேள்வி எழுகிறது. விடுமுறையில் யாழ்ப்பாணம் சென்றாலோ, பேச்சைக் கேட்டதுமே “வெளிநாட்டுப் பிள்ளை” என்கின்றனர் உறவினர். இரு இடங்களிலும் விருந்தாளியாகவே எண்ணப்படும் பிள்ளை, தனக்கு உரிய இடம் எதுவென்று தேடுகிறது.

இத்தேடல் தமிழருக்கு மட்டும் உரியதன்று. 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ரூத் ஹில் யூசீம், பெற்றோரின் நாட்டிற்கும் வாழும் நாட்டிற்கும் இடையில் வளரும் பிள்ளைகளை ‘மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்’ என அழைத்தார். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அக்குடும்பங்களிற் பெரும்பாலானவை பணி முடிந்ததும் நாடு திரும்ப இருந்தவை. 1983இன் பின் போரினால் இடம்பெயர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு, திரும்பும் நாள் குறிக்கப்படவில்லை. ஆகவே பிள்ளைகள் வாழும் மண்ணிலேயே வேரூன்ற வேண்டியவர்களாயினர்.

வேரூன்றுவதற்குத் தாய்மொழியைக் கைவிட வேண்டுமா? இல்லை என்பதே ஆய்வு தரும் விடை. கனேடிய உளவியலாளர் ஜோன் பெரியும் அவரது குழுவினரும் 13 நாடுகளில், 13 முதல் 18 வயது வரையான குடிபெயர்ந்தோர் பிள்ளைகளை ஆராய்ந்து 2006இல் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். தம் இனப் பண்பாட்டுடனும் வாழும் நாட்டுச் சமூகத்துடனும் ஒருங்கே உறவு கொண்ட இளையோரே உளநலத்திலும் பள்ளி வாழ்விலும் சிறந்து விளங்கினர். இரண்டிலும் பிடிப்பின்றி நின்றோரின் நிலையே மிகவும் இடர்ப்பட்டதாயிருந்தது. பாகுபாட்டிற்கு உள்ளானதாக உணர்ந்தோரிடமும் நலக்குறைவு காணப்பட்டது. எனவே இது பிள்ளையின் பொறுப்பு மட்டுமன்று. ஏற்றுக்கொள்ளும் சமூகத்தின் பொறுப்புமாகும்.

வீட்டின் பொறுப்பு யாது? வார இறுதித் தமிழ் வகுப்பு இன்றியமையாதது, ஆயினும் போதுமானதன்று. மொழி உறவினால் வாழ்வது. அம்மம்மாவுடன் தொலைபேசியில் “சாப்பிட்டீர்களா?” என்பதற்கு அப்பால் பேச இயலாத பிள்ளை, ஒரு மொழியை மட்டுமன்றி ஒரு மனிதரையும் இழக்கிறது.

பெற்றோர் பலரின் நெஞ்சில் வாழும் ஊர், அவர்கள் புறப்பட்ட ஆண்டிலேயே நின்றுவிட்ட ஊராகும். அங்குள்ள இளையோரும் மாறிவிட்டனர். அந்தப் பழைய ஊரை அளவுகோலாக்கிப் பிள்ளைகளை அளப்பது நீதியாகாது. மேலும், மருத்துவமனையிலும் அரச அலுவலகங்களிலும் பெற்றோருக்காக மொழிபெயர்க்கும் சிறுவர், வயதிற்கு மீறிய கவலைகளையும் சுமக்கின்றனர். தாயின் நோயைத் தாயிடம் எடுத்துரைக்கும் சுமை பத்து வயதுப் பிள்ளைக்கு உரியதன்று. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறப் பெற்றோர் தயங்கலாகாது. பிள்ளையின் வேற்றின நண்பரை வீட்டிற்கு அழைத்து இடியப்பம் பரிமாறுவதும் பண்பாட்டுப் பணியே. அன்று அப்பிள்ளையின் இரு உலகங்களும் ஒரே மேசையில் அமர்கின்றன.

இளையோர்களே! இலங்கையில் பிறந்து மூன்று வயதில் நோர்வே சென்ற கம்ஷாஜினி குணரத்தினம், 2015இல் ஒஸ்லோவின் துணை மேயரானார். 2021இல் நோர்வே நாடாளுமன்றத்திற்குத் தெரிவானார். அந்நாட்டு மக்களின் பிரதிநிதியாவதற்கு அவரது தமிழ்ப் பெயர் தடையாகவில்லை. அனைவரும் அரசியலுக்குச் செல்ல வேண்டியதில்லை. வாழும் ஊரின் விளையாட்டுக் கழகத்திலும் நூலகத்திலும் பொதுப்பணியிலும் பங்கேற்போருக்கு அவ்வூர் சொந்தமாகிறது. தமிழ் பேசும்போது நேரும் பிழைக்காக நாணவும் வேண்டாம். பிழையுடன் பேசப்படும் தமிழ் திருந்தும், பேசப்படாத தமிழ் மறையும்.

“உன் ஊர் எது?” என்ற கேள்விக்கு இரண்டு ஊர்ப் பெயர்களை விடையாகச் சொல்லும் பிள்ளையைத் திருத்த வேண்டாம். அவ்விடை முழுமையானது.