மிளகாய் விதை: பாக்கெட் மேல என்ன எழுதணும்?

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளன.)

ஆடி பிறக்க இன்னும் சில வாரம்தான் இருக்கு. மாடித்தோட்டம் வச்சிருக்கிறவங்க வாட்ஸ்அப் குழுக்கள்ல இப்பவே ஆரம்பிச்சாச்சு. "யார்கிட்டயாவது காந்தாரி விதை இருக்கா?", "முண்டு மிளகாய் வேணும், பதிலுக்குச் சுரைக்காய் விதை தர்றேன்", "நாகா மிளகாய் பத்து விதை கிடைச்சாப் போதும்." நம்ம பாட்காஸ்ட்டுக்கு வர்ற மெயில்லயும் பாதி இதுதான். அதனால இன்னைக்கு மிளகாய் விதை சேகரிக்கிறது, அதை மாத்திக்கிறது பத்திப் பேசலாம்.

முதல்ல ஒரு விஷயம். மிளகாய் நம்ம ஊர்ச் செடி இல்லை. அமெரிக்கக் கண்டத்துல இருந்து போர்ச்சுகீசியர் கப்பல்ல வந்தது. வந்து சுமார் 500 வருஷம்தான் ஆச்சு. அதுக்கு முன்னாடி நம்ம சமையல்ல காரம்னா பெரும்பாலும் மிளகுதான். மிளகு மாதிரி காரமா இருந்த காய்ங்கறதாலதான் 'மிளகாய்'னு பேரே வந்தது. இந்த 500 வருஷத்துல ராமநாதபுரத்துக்கு ஒரு முண்டு, குண்டூருக்கு ஒண்ணு, பியாடகிக்கு ஒண்ணு, நாகாலாந்துக்கு ஒண்ணுன்னு இத்தனை வகை எப்படி வந்துச்சு? ஒவ்வொரு ஊர்லயும் யாரோ ஒருத்தர் நல்ல பழமாப் பார்த்து விதை எடுத்து வச்சாங்க, பக்கத்து வீட்டுக்கும் கட்டிக் கொடுத்த பொண்ணு வீட்டுக்கும் கொடுத்தாங்க. நாம வாட்ஸ்அப்ல செய்யறதும் அதே வேலைதான். ஆனா அவங்களுக்கு இருந்த ஒரு வசதி நமக்கு இல்லை. விதை கொடுத்தவர் பக்கத்துத் தெருவுல இருந்தார், சந்தேகம் வந்தாப் போய்க் கேட்கலாம். நமக்குக் கூரியர்ல ஒரு சின்ன பாக்கெட் வருது, அதுமேல ஒரே ஒரு வார்த்தை எழுதியிருக்கு.

அந்த ஒரு வார்த்தை தப்பா இருந்தா என்ன ஆகும்? போன வருஷம் கோயம்புத்தூர்ல இருந்து ஒரு நேயர் எழுதியிருந்தார். 'குடைமிளகாய்'னு எழுதி வந்த விதையைப் போட்டிருக்கார். நாத்து வளர்த்து, தொட்டி மாத்தி, பூ உதிராமக் காப்பாத்தி, காய் பறிக்க நாலு மாசத்துக்கு மேல ஆயிருக்கு. காய் பார்க்கக் குடைமிளகாய் மாதிரியேதான் இருந்துச்சாம், கொஞ்சம் கூம்பா. குழந்தைக்கு நூடுல்ஸ்ல போட்டுக் கொடுத்தா வாய் எரிஞ்சு ஒரே அழுகை. விதை கொடுத்தவர் ஏமாத்துக்காரர் இல்லை. அவர் வீட்டுல காய்ச்சதும் நிஜமான குடைமிளகாய்தான். அப்ப எங்கே மாறுச்சு?

மிளகாய்ப் பூ தன்னைத்தானே மகரந்தச் சேர்க்கை செஞ்சுக்கும். ஒரே ஒரு செடி இருந்தாலும் காய்க்கும். ஆனா தேனீ வந்தா பக்கத்துத் தொட்டியோட மகரந்தமும் கூடவே வரும். அவர் மாடியில குடைமிளகாய்க்குப் பக்கத்துல சம்பா மிளகாய் இருந்திருக்கு. ரெண்டும் ஒரே இனம், 'கேப்சிகம் ஆன்னம்'. அதனால சுலபமாக் கலந்துடும். இங்கே ஒரு சிக்கல் இருக்கு. காயோட சதை தாய்ச்செடியோடது. அப்பா யாரா இருந்தாலும் இந்த வருஷக் காய் மாறாது. உள்ளே இருக்கிற விதைதான் கலப்பு. அந்த விதையைப் போட்டு அடுத்த செடி காய்க்கும்போதுதான் விஷயம் தெரியும். அதுவும் காரத்துக்கான மரபணு ஓங்கு தன்மை உள்ளது. காரமில்லாத அம்மா, காரமான அப்பா சேர்ந்தா பிள்ளை காரமாத்தான் இருக்கும்.

என் தொழில்ல இதுக்கு ஒப்பா ஒண்ணு உண்டு. கோடு எழுதின அன்னைக்கு எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகும், ஆறு மாசம் கழிச்சு இன்னொருத்தர் சிஸ்டம்ல வெடிக்கும். எழுதினவருக்கு அது தெரியவே தெரியாது. அனுபவிக்கிறது வாங்கினவர்தான். அவருக்கு நஷ்டம் நாலு ரூபாய் விதை இல்லை, ஒரு முழுப் பட்டம்.

சரி, கலக்காம விதை எடுக்கிறது எப்படி? கஷ்டமே இல்லை. கல்யாண வீட்டுல பரிசு போட்டுக் கொடுப்பாங்களே, சுருக்குக் கயிறு வச்ச மெல்லிசான வலைப் பை, அது போதும். மொட்டா இருக்கும்போதே ஒரு சின்னக் கிளையை அதுக்குள்ள விட்டுக் கட்டிடுங்க. ஏற்கெனவே விரிஞ்ச பூவோ, பிஞ்சோ அந்தக் கிளையில இருந்தா கிள்ளி எறிஞ்சிடுங்க. தினம் காலையில ஒரு தட்டு தட்டுங்க, உள்ளுக்குள்ளேயே மகரந்தம் உதிரும். நாலஞ்சு பிஞ்சு பிடிச்சதும் பையைக் கழட்டிட்டு, அந்தக் காம்புகள்ல சிவப்பு நூல் கட்டிடுங்க. வீட்டுல யாரும் சட்னிக்குப் பறிச்சிடக் கூடாதுன்னா நூல் நல்லாக் கண்ணுல படணும்.

காய் முழுசாப் பழுத்து, தோல் லேசாச் சுருங்கற வரைக்கும் செடியிலேயே இருக்கட்டும். நோய் வந்த செடியில விதை எடுக்காதீங்க. பழத்துல அமுங்கின கரும்புள்ளி இருந்தா அது பழ அழுகல், அந்தப் பூஞ்சை விதையோட சேர்ந்தே அடுத்த வீட்டுக்குப் போகும். இலையில மோசைக் மாதிரி திட்டுத் திட்டா மஞ்சள் இருந்தாலும் வேண்டாம். விதை எடுக்கும்போது கையுறை போட்டுக்குங்க. காரம் விதையில இல்லை, விதை ஒட்டியிருக்கிற அந்த வெள்ளைத் தண்டுல இருக்கு. கையில பட்டா தண்ணி ஊத்திப் பிரயோஜனம் இல்லை, அது தண்ணியில கரையாது. முதல்ல எண்ணெய் தேய்ச்சு அப்புறம் சோப்பு போடுங்க.

காய வைக்கிறது நிழல்ல, காத்தாட, ஒரு வாரம் பத்து நாள். மொட்டைமாடித் தரையில உச்சி வெயில்ல பரப்பினா விதை வெந்துடும். கடையில வாங்கின வரமிளகாய் விதை பல நேரம் சரியா முளைக்காததுக்கு அந்தச் சூடும் ஒரு காரணம். காய்ஞ்ச விதையை மடக்கினா வளையக் கூடாது, பட்டுன்னு உடையணும். அப்புறம் காகிதக் கவர்ல போட்டு, காத்துப் புகாத பாட்டில்ல வச்சு, ஷூ டப்பாவுல வருமே சிலிக்கா ஜெல், அதுல ஒரு பொட்டலம் கூடப் போட்டு, ஃப்ரிட்ஜ்ல வைங்க. விதை விஞ்ஞானத்துல ஹாரிங்டன் விதின்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு. விதையோட ஈரப்பதம் 1 சதவீதம் குறைஞ்சா ஆயுள் ரெட்டிப்பாகும். வைக்கிற இடத்தோட வெப்பம் 5 டிகிரி குறைஞ்சாலும் ரெட்டிப்பாகும். பாட்டிலை வெளியே எடுத்தா உடனே திறக்காதீங்க. அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்க, இல்லைன்னா உள்ளே வேர்த்துடும்.

இது ஏன் முக்கியம்னு புரிய வைக்க, எங்க விதைக் குழுவுல நடந்ததைச் சொல்றேன். போன வருஷம் தை மாசம் மதுரையில சின்னதா ஒரு சந்திப்பு, இருபது பேர் இருப்போம். ஒரு அக்கா ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலோட வந்தாங்க. அடியில நாற்பது விதை இருக்கும். அவங்க அம்மாவுக்கு முதுகுளத்தூர் பக்கம். வீட்டுக் கொல்லையில வருஷா வருஷம் போட்ட குண்டு மிளகாய். அம்மா தவறிட்டாங்க, கொல்லையும் வித்தாச்சு. சமையலறையைக் காலி பண்ணும்போது கிடைச்ச பாட்டில் அது. உள்ளே விதை ஆறு வருஷத்துக்கு முந்தினது. "ஆளுக்கு ரெண்டு எடுத்துக்குங்க, எங்கேயாவது அம்மா மிளகாய் இருக்கட்டும்"னு அக்கா சொன்னாங்க.

எல்லாரும் கை நீட்டிட்டாங்க. குழுவுல மூத்தவர், ஓய்வு பெற்ற வேளாண் அலுவலர் ஒருத்தர்தான் நிறுத்தினார். "அம்மா, ஆறு வருஷ விதை. நூத்துக்குப் பத்து, பதினஞ்சு முளைச்சாலே பெரிசு. ஆளுக்கு ரெண்டு கொடுத்தா எங்கேயும் முளைக்காது, யாருக்கும் முளைக்கலைங்கறதுகூட நமக்குத் தெரியாது"ன்னார். அதனால இருபது விதை ஃப்ரிட்ஜுக்குப் போச்சு. மீதி இருபதை அவரே ஈரத் துணியில வச்சுக் கதகதப்பா வளர்த்தார். மிளகாய் விதை முளைக்க 25-ல இருந்து 30 டிகிரி வேணும், தைப் பனியில அது கிடைக்காது. புது விதைன்னா பத்து நாள்ல தெரிஞ்சிடும். இது பதினெட்டு நாள் எடுத்துச்சு. இருபதுல மூணு.

மூணு செடியையும் மூணு வீட்டுல வச்சோம். ஒரு செடி இலை சுருண்டு போச்சு. ரெண்டு காய்ச்சுது. வலைப் பை கட்டி எடுத்த விதை ஐநூறுக்கு மேல. ஆடியில எட்டு வீட்டுக்குப் பிரிச்சோம். அக்கா முதல் பழத்தை வாங்கிக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் "வத்தக்குழம்புக்கு இதுதான்"னாங்க. அவ்வளவுதான். அந்த எட்டு வீட்டுல இப்ப ரெண்டு வீட்டுல செடி இல்லை, ஒண்ணுல குரங்கு, இன்னொண்ணுல வெள்ளை ஈ. ஆனா ஆறு வீட்டுல இருக்கு, ஃப்ரிட்ஜ்ல அந்தப் பழைய இருபதும் இருக்கு. ஒரே இடத்துல வச்சா பேக்கப் ஆகாதுன்னு நாங்க ஆபீஸ்ல மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்லுவோம். விதைக்கும் அதேதான்.

ராமநாதபுரம் முண்டுக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சது. நல்ல விஷயம், பேருக்குப் பாதுகாப்பு. ஆனா ஒரு கொல்லையில முப்பது வருஷமா ஒரே அம்மா தேர்ந்தெடுத்த விதையை எந்தக் குறியீடும் காப்பாத்தாது. அதைப் போட்டு எடுக்கிற வீடுதான் காப்பாத்தும்.

அதனால பாக்கெட் மேல ஆறு விஷயம் எழுதுங்க. ஒண்ணு, பேர். உறுதியாத் தெரியலைன்னா "குண்டு, சிவப்பு, காரம் அதிகம்"னு பார்த்ததை எழுதுங்க, பேர் வைக்காதீங்க. ரெண்டு, யார்கிட்ட, எந்த ஊர்ல வாங்கினது. மூணு, விதை எடுத்த மாசம், வருஷம். நாலு, பை கட்டினதா, திறந்து விட்டதா. பக்கத்துல வேற என்ன மிளகாய் இருந்துச்சு. அஞ்சு, கடையில வாங்கின எஃப்1 வீரியக் கலப்பினச் செடியில எடுத்ததா. அப்படின்னா அடுத்த தலைமுறை ஒண்ணு ஒரு மாதிரி வரும். தப்பில்லை, சொல்லிட்டுக் கொடுங்க. ஆறு, முளைப்புச் சோதனை. இருபது விதையை ஈர டிஷ்யூ பேப்பர்ல சுருட்டி, டப்பாவுல போட்டு ரெண்டு வாரம் வைங்க. பதினாலு முளைச்சா 70 சதவீதம்னு எழுதுங்க. நாகா மாதிரி 'சைனென்ஸ்' வகைக்கு மட்டும் நாலு வாரம் வரை பொறுமை வேணும்.

சட்டம் பத்தியும் பலர் கேட்டிருந்தீங்க. பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2001, விவசாயி தன் விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மாத்திக்கவும், விக்கவும் உரிமை தருது. பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பிராண்ட் பேர் போட்டு விதையா விக்கத்தான் தடை. ஆனா வெளிநாட்டு நண்பர் கவர்ல வச்சு அனுப்புற கரோலினா ரீப்பர் விதை வேற கதை. விதைக்கிறதுக்கான விதை உள்ளே வர, 2003 தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் வேணும். "பத்து விதைதானே"ன்னு தோணும். ஒரு புது நோய் வர ஒரு விதை போதும். பாதிக்கப்படப் போறது நம்ம மாடி இல்லை, பரமக்குடியில அஞ்சு ஏக்கர் மிளகாய் போட்டிருக்கிறவர்.

கடைசியா, வாங்குறவங்களுக்கு. திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவுல நெல் ஜெயராமன் வச்ச வழக்கம் பலருக்கும் தெரியும். ரெண்டு கிலோ பாரம்பரிய விதை நெல் வாங்கினா, அடுத்த வருஷம் நாலு கிலோவாத் திருப்பித் தரணும். பணம் கிடையாது. மிளகாய்க்கும் அதையே வச்சுக்கலாம். பத்து விதை வாங்கினா, அடுத்த வருஷம் இருபது விதை, வேற ரெண்டு வீட்டுக்கு. கொடுத்தவருக்கு ஒரு போட்டோ, "முளைச்சுது" இல்ல "முளைக்கலை"ன்னு ஒரு வரி. முளைக்கலைங்கறதும் அவருக்கு வேண்டிய தகவல்தான்.

ஆடிப் பட்டத்துக்கு இப்பவே சோதனை போட்டாத்தான் சரியா இருக்கும். இன்னைக்கு ராத்திரியே இருபது விதையை ஈரத்துல சுருட்டி வைங்க. எத்தனை முளைச்சுதுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல வாசிக்கிறேன்.