நாயகனைப் பார்த்துச் சிரித்த ஆமைகள்



இலக்கியம் பேசும் இந்நிகழ்ச்சியிலே சித்திரக் கதைப் புத்தகத்துக்கு என்ன அலுவல் என்று சிலர் எண்ணக்கூடும். பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் பிள்ளைகள் படிக்கிற சங்கதி அல்லவா! ஆயினும், எள்ளல் எங்கே செம்மையாகத் தொழிற்படுகின்றதோ அங்கே இலக்கிய மாணவனுக்கு வேலை உண்டு. நகைச்சுவை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கினுள் தொல்காப்பியர் முதலில் வைத்தது எள்ளலையே. அங்கதத்தையும் அவர் செம்பொருள், பழிகரப்பு என இரண்டாக வகுத்தார். வெளிப்படையாக வைவது முன்னையது. வேறொன்றைச் சொல்வதுபோல நின்று குத்துவது பின்னையது. அமெரிக்காவிலும் கனடாவிலும் தனியாட்கள் சிலர் சொந்தக் காசில் அச்சிட்டு வெளியிட்ட அதிமானுட வீரர் பகடிக் கதைகள் பெரும்பாலும் இந்தப் பின்னைய வகையைச் சேர்ந்தவை.

எள்ளப்பட்ட பொருளை முதலிலே அறிய வேண்டும். 1938 இல் ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரு இளைஞர்களின் சுப்பர்மேன் அச்சில் வந்தான். அந்த முதற் கதைக்காக அவர்களுக்குக் கிடைத்தது 130 டொலர். அந்தக் காசோடு சுப்பர்மேன் மீதான உரிமையும் கம்பனிக்குப் போய்விட்டது. வீரன் உலகெங்கும் பறந்தான். அவனைப் படைத்தவர்கள் நொடிந்து போனார்கள். 1975 இலேதான், பகிரங்கமாக எழுந்த கண்டனத்தின் பின், ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுக்கவும் அவர்களுடைய பெயரைப் பொறிக்கவும் கம்பனி இணங்கியது. இதை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

1953 இல் ‘மாட்’ இதழிலே ஹார்வி கேர்ட்ஸ்மன் எழுதி வொலி வூட் வரைந்த ‘சுப்பர்டூப்பர்மேன்’ இத்தகைய பகடிகளுக்கு மூத்தது. ஆனால் அது ஓர் இதழில் வந்த சில பக்கக் கேலி. பகடியையே தொடராக நடத்த வேண்டுமானால் சிறிய பதிப்பாளனுக்கு ஒரு வழி பிறக்க வேண்டியிருந்தது. 1970 களில் அது பிறந்தது. சித்திரக் கதைகளை மட்டுமே விற்கும் கடைகள் தோன்றின. விற்காத பிரதிகளைத் திருப்பி அனுப்புவதில்லை என்ற நிபந்தனையில் அவை கூடிய கழிவு பெற்று முன்கூட்டியே கட்டளை கொடுத்தன. எத்தனை பிரதி அடிக்கலாம் என்பது அச்சிடுமுன்னரே தெரிந்துவிட்டது. கையில் பணமில்லாதவனும் துணிந்தான்.

அவ்வாறு துணிந்தவருள் ஒருவர் கனடாவின் கிச்சினர் நகரத்து டேவ் சிம். 1977 இல் அவர் தொடங்கிய ‘செரிபஸ்’ வாளேந்திய எறும்புண்ணி ஒன்றின் கதை. முதலில் கோனன் கதைகளின் கேலி. அதிலே ‘கரப்பொத்தான்’ என்றொரு பாத்திரம் வரும். பெரிய கம்பனிகளில் எந்த வீரனுக்குக் கிராக்கி ஏறுகிறதோ அவனுடைய உடையை இவன் மாட்டிக்கொள்வான். வீரம் என்பது சந்தைக்கு ஏற்ப மாறும் சட்டையாகிப் போனதை இதைவிடச் சுருக்கமாக எவரும் காட்டியதில்லை என்பது என் கருத்து. பிற்காலத்தில் ஆசிரியரின் பிடிவாதக் கொள்கைகள் கதையில் ஏறியபோது சிரிப்பு வற்றிப் போயிற்று. எனினும், சொன்னபடியே 300 இதழ்களை 2004 இல் முடித்தார்.

இனி ஆமைகள். 1983 இன் பிற்பகுதியில், நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்து டோவர் நகரில், கெவின் ஈஸ்ற்மன் தம் நண்பர் பீற்றர் லெயர்டைச் சிரிக்க வைப்பதற்காக, முகமூடி கட்டி ஆயுதமேந்திய ஆமை ஒன்றைக் கிறுக்கினார். நண்பரும் தம் பங்குக்கு ஒன்று வரைந்தார். வருமான வரியில் திரும்பி வந்த பணமும் ஈஸ்ற்மனின் மாமா ஒருவரிடம் வாங்கிய கடனும் சேர, ஏறத்தாழ 3,000 பிரதிகள் கறுப்பு வெள்ளையில் 1984 மே மாதம் வெளிவந்தன. நிறுவனத்தின் பெயர் ‘மிராஜ்’, அதாவது கானல் நீர். நிறுவனம் என்று ஒன்று உண்மையில் இருக்கவில்லை. பெயரே ஒரு பகிடி.

பகடியின் நுட்பத்தை இங்கே பார்க்க வேண்டும். மார்வல் கம்பனியின் டெயார்டெவில் என்ற வீரன் சிறுவனாக இருந்தபோது, லொறியில் அடிபடவிருந்த முதியவர் ஒருவரைத் தள்ளிக் காப்பாற்றினான். லொறியிலிருந்து விழுந்த கதிரியக்கப் பொருள் கண்ணிற் பட்டுப் பார்வையை இழந்தான். அபூர்வ ஆற்றலைப் பெற்றான். ஆமைக் கதையிலும் அதே லொறி, அதே விபத்து. ஆனால் இளைஞனின் முகத்தில் பட்ட கொள்கலம் அங்கே நிற்காமல் துள்ளிப் போய், ஆமைக் குஞ்சுகள் இருந்த கண்ணாடிச் சாடியை உடைக்கிறது. அவை சாக்கடைக்குள் விழ, கொள்கலமும் பின்னால் விழுகிறது. ஒருவனின் காவியம் முடிந்த இடத்திலே சாக்கடையில் இன்னொன்று தொடங்குகிறது! டெயார்டெவிலின் குரு ‘கோல்’. ஆமைகளின் குருவான எலியோ ‘சிராய்’. அங்கே பகைவர் கூட்டம் ‘கை’, இங்கே ‘பாதம்’. மூலத்தைப் படித்தவன் வாய்விட்டுச் சிரிப்பான். படியாதவனுக்கு விறுவிறுப்பான கதை. முதல் இதழை டெயார்டெவிலை எழுதி வரைந்த பிராங்க் மில்லருக்கும் மூத்த ஓவியர் ஜக் கேர்பிக்கும் காணிக்கையாக்கியிருந்தார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. விருப்பமில்லாதவன் செய்யும் கேலியில் இவ்வளவு நுணுக்கம் வராது.

பின்னர் நடந்தது எள்ளலுக்கு நேர்ந்த சோதனை. முதல் இதழின் விலை ஏறியதும் ஆளாளுக்கு மிருக வீரர்களை அச்சிட்டார்கள். கராத்தே வெள்ளெலிகள்கூட வந்தன. பகடிக்கே பகடி! 1987 அளவில் சந்தை சரிந்து, வாங்கிக் குவித்த கடைக்காரர் பலர் நட்டப்பட்டனர். அதே ஆண்டின் இறுதியில் ஆமைகள் தொலைக்காட்சிக்குப் போயின. மூலத்தில் நான்கும் ஒரே தோற்றம். ஆயுதத்தைக் கொண்டே வேறுபடுத்த வேண்டும். தொலைக்காட்சியிலே நான்கு நிற முகமூடிகள் வந்தன. அடுத்த ஆண்டு பொம்மைகள் கடைக்கு வந்தன. 1990 இல் வந்த திரைப்படம் உலகெங்கும் 20 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. அந்த லொறி யாருடைய கதையிலிருந்து வந்தது என்று அறியாத கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு ஆமைகள் நகைப்புக்குரியவை அல்ல, வீரர்களே. எள்ளல் தன் மூலத்தையே விழுங்கிவிட்டது.

இதை வீழ்ச்சி என்பாருண்டு. நான் முற்றாக உடன்படேன். 1986 இல் கடையொன்றின் செய்தி மடலுக்காக பென் எட்லண்ட் என்ற இளைஞர் வரைந்த ‘உண்ணி’ இரண்டாண்டில் தனிப் புத்தகமானது. நீல உடைப் பேருருவம். அறிவு மட்டு மட்டு. அவனுடைய தோழன் அந்துப்பூச்சி வேடம் போட்ட கணக்காளன். காண்போர் முயல் என்றே எண்ணுவர். அதுவும் தொலைக்காட்சி ஏறியது. ஆனால் கேலி கேலியாகவே நின்றது.

முன்னர் மனத்தில் இருத்தச் சொன்ன 130 டொலருக்கு வருவோம். ஆமைகளைப் படைத்த இருவரும் உரிமையை எவருக்கும் தாரை வார்க்கவில்லை. 1988 இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்து நோர்தம்ப்ரனில் ஸ்கொட் மக்ளவுட், டேவ் சிம் முதலானோருடன் இவர்களும் கூடிப் படைப்பாளி உரிமைச் சாசனம் ஒன்றை வகுத்தனர். 1992 இல் லெயர்ட் நிறுவிய செரிக் நிதியம், சொந்தமாக நூல் வெளியிட முனைந்த சித்திரக் கதையாளருக்கு 2012 வரை உதவியது. 2009 இல் ஆமைகள் வயாகொம் கம்பனிக்கு ஏறத்தாழ 6 கோடி டொலருக்கு விற்கப்பட்டபோது லெயர்ட் ஓர் உரிமையை மட்டும் தம்மிடமே வைத்துக்கொண்டார்: ஆண்டுக்கு 18 இதழ்கள் வரை தாமே வெளியிடலாம், கறுப்பு வெள்ளையில்.