ஏரிக்கரையில் ஒரு வாடைக் காலை
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற மாசித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் குடியிருப்பைச் சேர்ந்த ஐந்து குடும்பத்தார் புத்தலப்பட்டை அடுத்த ஓர் ஏரிக்குச் சென்றோம். சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில் எத்தனையோ முறை கடந்து சென்ற ஊர்தான். எனினும் இறங்கிப் பார்த்ததில்லை. பறவைகளைக் கண்டு, அவற்றின் தமிழ்ப் பெயர்களைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

பொழுது புலரும்போதே வாடை சுழன்றடித்தது. தாய்மார்கள் முந்தானையால் குழந்தைகளின் காதுகளை மூடினர். ஏரியில் அலை எழுந்ததேயன்றி ஒரு கொக்கும் தென்படவில்லை. “வெறும் தண்ணீரைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்று ஒரு சிறுவன் கேட்டான். விடை கூற இயலாது நின்றோம்.

எங்களுள் மூத்தவர் ஒருவர், “நமக்குக் குளிருமாயின் அவற்றுக்குக் குளிராதா? காற்றுப் படாத இடத்தில் தேடுவோம்” என்றார். கரையைச் சுற்றிக் காற்றுக்கு மறைவான மூலைக்குச் சென்றோம். என்னே காட்சி! கோரைகளுக்கிடையே மடையான்கள் கழுத்தை உள்ளிழுத்து முனிவர்போல் அமர்ந்திருந்தன. முக்குளிப்பான்கள் மூழ்கி மூழ்கி எழுந்தன. கரையில் இருந்த பறவைகள் அனைத்தும் காற்று வரும் திசையையே நோக்கி அமர்ந்திருந்தன. காற்று பின்புறமிருந்து வீசினால் இறகுகள் கலைந்து, உடலின் வெம்மை வெளியேறிவிடும்; எதிர்கொண்டு அமர்ந்தாலோ இறகுகள் படிந்து நிற்கும். காற்றை எதிர்த்துப் பறந்த செம்பழுப்பு வல்லூறு ஒன்று வானில் ஓரிடத்திலேயே நின்று, தரையில் எலியைத் தேடிக்கொண்டிருந்தது. வினாத் தொடுத்த சிறுவன் வாய் திறவாமல் பார்த்தான்.

திரும்பும் வழியில் மாந்தோப்புகள் பூத்துக் குலுங்கின. அங்கேதான் சூறைக்குருவிகளின் பெருங்கூட்டத்தைக் கண்டோம். சோளப்பட்சி என்பதும் அதுவே. உடல் இளஞ்சிவப்பு, தலையும் இறக்கையும் கறுப்பு. நூற்றுக்கணக்கானவை ஒரே உயிர்போல் எழுந்து, திரும்பி, இறங்கின.

தோப்புக்குரிய முதியவரிடம், “தானியத்தைத் தின்னும் இவற்றை விரட்டுவதில்லையா?” என்று வினவினோம். “சோளம் முற்றும்போது விரட்டுவோம், ஐயா. மற்ற நாளில் அவை பூச்சியையும் தின்கின்றனவே! இரண்டையும் கணக்கில் எழுத வேண்டாமா?” என்றார் அவர்.

அவையோரே, அச்சொல் எங்களைச் சுட்டது. ஏனெனில், நம் குடியிருப்பின் வாயிலில் நிற்கும் அரசமரத்தை வெட்ட வேண்டுமென எழுதப்பட்ட மனுவில் எங்களுள் சிலரும் கையொப்பமிட்டிருந்தோம். மாலைதோறும் அம்மரத்தில் வந்தடையும் இதே சூறைக்குருவிகள் கொடியில் உலரும் துணிகளையும், மாடியில் காயும் வடகத்தையும் பாழாக்குகின்றன என்பதே குற்றச்சாட்டு. அது பொய்யன்று. ஆனால் கணக்கின் மறுபக்கத்தை நாங்கள் எழுதவில்லை.

இப்பறவைகள் மத்திய ஆசியப் புல்வெளிகளில் கூடு கட்டுபவை. வெட்டுக்கிளிகளை உண்டு அங்குள்ள மேய்ச்சல் நிலங்களைக் காப்பதால், சீனத்தின் சிஞ்சியாங் பகுதியில் 1980-களிலிருந்து இவற்றுக்கெனக் கற்குவியல்களால் கூடுகள் அமைத்துத் தருகின்றனர். ஆடி, ஆவணியில் இங்கு வரத் தொடங்கிப் பங்குனி, சித்திரையில் விடைபெறுகின்றன. அஃதாவது, ஆண்டின் பெரும்பகுதியை நம் நாட்டில்தான் கழிக்கின்றன. பிழைக்க வந்த ஊரையே தம் ஊராக்கிக் கொண்ட நாம், அவற்றை அயலார் என்று கூறுவது எங்ஙனம்?

நம் முன்னோர் வழியும் இதுவன்று. வேடந்தாங்கல் மக்கள், தம் ஏரிப் பறவைகளைச் சுடலாகாதென்று 1798-ஆம் ஆண்டிலேயே செங்கற்பட்டு ஆட்சித் தலைவரிடம் உரிமை பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் தம் நெல்வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். நாம் அழுக்கெனக் கருதுவதை அவர்கள் ஆக்கமெனக் கண்டனர்.

ஆதலின் சங்கத்தாரிடம் ஒன்றை வேண்டுகிறோம். மனுவில் இட்ட எங்கள் கையொப்பங்களைத் திரும்பப் பெறுகிறோம். வடகத்தைக் கிழக்கு மாடியில் உலர்த்துவோம். வண்டிகளை மரத்தடியிலிருந்து அகற்றி நிறுத்துவோம். சித்திரை கடக்கும் வரை பொறுத்திருந்து, பின்னர் ஊர்கூடி முடிவு செய்வோம். வெட்டிய மரத்தை மீண்டும் ஒட்டவைக்க எவராலும் இயலாது. கறைபட்ட துணியையோ மறுநாளே துவைத்துவிடலாம்.

அன்று வினவிய சிறுவன் இப்பொழுது மாலைதோறும் அம்மரத்தடியில் நின்று, வந்தடையும் பறவைகளை எண்ணுகிறான். அவன் எண்ணி முடிக்கும் முன் மரம் வீழ்ந்துவிடலாகாது.