மைதானத்துக்கு ஓர் ஆள் வேண்டும்

இன்று உடற்கல்வியில் பட்டம் பெறும் மாணவ மாணவியரே,

விளையாட்டுக்கு அரசு என்ன செய்திருக்கிறது, ஊருக்கு அதனால் என்ன கிடைத்திருக்கிறது, இனி என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி உங்களிடம் பேச வந்திருக்கிறேன். நாளைக்கு அரசின் விளையாட்டுக் கொள்கைகளின் கீழ்தான் நீங்கள் வேலை பார்க்கப் போகிறீர்கள். அதனால் இதை உங்களிடம் சொல்வதே முறை.

நம் அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். நாடகம், சினிமா, கேளிக்கை ஆகியவற்றோடு ஒரே இனத்தில், 33ஆவது இனத்தில், விளையாட்டும் இருக்கிறது. அதற்கு அடுத்த இனம் பந்தயமும் சூதாட்டமும். பொதுச் சுகாதாரம் அதே பட்டியலில் 6ஆவது இனத்தில் இருக்கிறது. விளையாட்டை அதன் பக்கத்தில் வைக்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் காலத்தைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் அந்தப் பார்வை பிறகும் மாறவில்லை என்பதுதான் வருத்தம். மத்திய அரசில் விளையாட்டுக்கென ஒரு துறை வந்ததே 1982இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டியை நடத்துவதற்காகத்தான். முதல் தேசிய விளையாட்டுக் கொள்கை அதன் பிறகு, 1984இல் வந்தது. ஒரு போட்டிக்காகப் பிறந்த துறை, போட்டியைச் சுற்றியே வளர்ந்தது. 2001ஆம் ஆண்டுக் கொள்கை, விளையாட்டை எல்லோருக்கும் பரவலாக்க வேண்டும், உயர்ந்த சாதனை படைக்க வேண்டும் என்று இரண்டு இலக்குகளைச் சொன்னது. அரசின் அக்கறை இரண்டாவது இலக்கின் மேல்தான் விழுந்தது.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 1992இல் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் வந்தது. அடுத்த ஆண்டு சென்னையில் நேரு விளையாட்டரங்கம் எழுந்தது. 1995இல் தெற்காசியப் போட்டிகள் சென்னையில் நடந்தன. 2022இல் உலகமே மாமல்லபுரத்துக்குச் சதுரங்கம் ஆட வந்தது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடும் இருக்கிறது. இவற்றை நான் சிறிதாக எண்ணவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளை ஒருவன் ஓடியே அரசுப் பணிக்கு வந்தான் என்றால், அந்தத் தெருவில் இருக்கும் மற்ற பிள்ளைகள் அனைவருக்கும் அது தெம்பு. ஆனால் அந்தத் தெருவில் ஓடுவதற்கு இடம் இருக்கிறதா, ஓடச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறாரா என்பதே நான் கேட்கும் கேள்வி.

ஊர்ப்புறத்துக்கு அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2006க்குப் பின் வந்த அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளுக்கு நூலகத்தோடு விளையாட்டு மையமும் கிடைத்தது. 2016க்குப் பின் அம்மா பூங்காவும் உடற்பயிற்சிக் கூடமும் வந்தன. அதையடுத்து அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம். 2024இல் 12,525 ஊராட்சிகளுக்கும் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள். ஆட்சி மாறியது, பெயர் மாறியது, கொடுத்த பொருள் மட்டும் மாறவில்லை. தளம் போட்டார்கள், கம்பம் நட்டார்கள், பந்து கொடுத்தார்கள். சாயங்காலம் அந்தப் பந்தை எடுத்து வெளியே வைத்து, பிள்ளைகளைக் கூட்டி விளையாட வைக்க ஓர் ஆளைக் கொடுக்க வேண்டும் என்று எந்த ஆட்சியும் நினைக்கவில்லை.

ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஊராட்சி அலுவலகத்தில் இரும்பு பீரோ ஒன்று இருக்கும். கீழ்த்தட்டில், பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காத கால்பந்து, கிரிக்கெட் மட்டை, வலை. ஏன் ஐயா பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று ஊராட்சிச் செயலரைக் கேட்டுப் பாருங்கள். இருப்புப் பதிவேட்டை எடுத்துக் காட்டுவார். அதில் ஒவ்வொரு பொருளும் ஏற்றப்பட்டிருக்கிறது. பந்து முள்ளில் குத்திக் கிழிந்தால் தணிக்கைக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். வரி வசூல், குடிநீர், ஊரக வேலைத் திட்டம் என்று அவர் தலையில் ஆயிரம் இருக்கும்போது பந்துக்கும் கணக்கு எழுத அவரால் ஆகுமா? பூட்டியே வைத்திருந்தால் ஒரு கேள்வியும் வராது. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பந்து தேயாமல் இருந்தால்தான் கணக்கு சரி என்று ஒரு முறையை வகுத்தோமே, அதன் மேல்தான் கோபம். தேய்ந்து போன பந்துதான் நன்றாகச் செலவான பொதுப்பணம் என்று தணிக்கைத் துறை ஏற்றுக்கொள்ளும் நாள் வர வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். அதே சட்டத்தின் அட்டவணையில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் போதும் என்றும் இருக்கிறது. கணக்குக்கு முழுநேரம், உடம்புக்குப் பகுதிநேரம்! அதன்படி 2012இல் தமிழ்நாட்டில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டார்கள். தொகை பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னைத் தெருக்களில் அமர்ந்தது பல ஆண்டுகள் ஓயவில்லை. இதே மாநிலத்தில் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றால் 3 கோடி ரூபாய் பரிசு. அந்தப் பரிசைக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், தாராளமாகக் கொடுக்கட்டும். ஆனால் அந்தப் பிள்ளை எட்டாம் வகுப்பில் இருந்தபோது விசிலோடு வெயிலில் நின்றவருக்கு என்ன கொடுத்தோம் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஆளைப் பற்றி டெல்லி ஒரு முறை நினைத்தது. 2008இல் ஊரக விளையாட்டுக்காக வந்த பைக்கா திட்டத்தில் ஊராட்சிக்கு ஒரு சமுதாய விளையாட்டுத் தொண்டர் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். கிரீடாஸ்ரீ என்று பெயர். மதிப்பூதியம் மாதம் 500 ரூபாய். ஒரு நாளைக்குப் பதினேழு ரூபாய் கூட வராது. அதை வைத்துக்கொண்டு யார் நிலைத்து நிற்பார்கள்? 2014இல் திட்டத்தின் பெயர் மாறியது, 2016இல் அது மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்துக்குள் கரைந்தது. நல்ல எண்ணம் ஒன்று கூலி இல்லாமல் செத்தது.

எல்லா நாட்டிலும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஐஸ்லாந்து சில லட்சம் பேரை மட்டுமே கொண்ட, நம் ஒரு மாநகராட்சி அளவில் இருக்கும் சிறிய நாடு. 1998இல் அங்கே பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் கேட்டபோது, கடந்த ஒரு மாதத்தில் குடித்து போதையானதாக 42 விழுக்காட்டினர் சொன்னார்கள். 2016இல் அந்த எண் 5 விழுக்காடு. நடுவில் என்ன செய்தார்கள்? மது விற்பனைக்கு 20 வயது, புகையிலைக்கு 18 வயது என்று கட்டுப்படுத்தினார்கள். குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்கு மேல் சிறுவர்கள் தனியாக வெளியே திரியக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். பெற்றோர்கள் சேர்ந்து தெருவில் உலாப் போனார்கள். ஆண்டுதோறும் பிள்ளைகளிடம் கருத்தறிந்து அந்தந்தப் பள்ளிக்கே முடிவுகளைத் திருப்பித் தந்தார்கள். இவற்றோடு உள்ளூர் விளையாட்டுச் சங்கங்களுக்கு அரசுப் பணத்தைக் கொட்டினார்கள். ரெய்க்யவிக் நகராட்சி ஒவ்வொரு பிள்ளைக்கும் சங்கக் கட்டணத்துக்கென ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கியது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அந்தச் சங்கங்களில் இருந்த பயிற்சியாளர்களைப் பற்றி. பத்து வயதுப் பிள்ளைக்குக் கூட முறையாகப் பயிற்சி பெற்று, சம்பளம் வாங்குகிற ஒருவர்தான் கால்பந்து சொல்லிக்கொடுத்தார். பிள்ளை சாயங்காலம் எங்கே இருக்கிறது, யாரோடு இருக்கிறது என்று பெற்றோருக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து 2016 ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்தைத் தோற்கடித்தார்கள். பிள்ளைகளைப் போதையிலிருந்து காக்கவென்று போட்ட பணம் அது, வெற்றி கூடவே வந்தது. பணக்கார நாடு, சிறிய நாடு, நமக்கு ஒத்துவராது என்று சிலர் சொல்வார்கள். செயற்கைப் புல்லும் கூரை போட்ட கால்பந்து அரங்கும் நமக்கு ஒத்துவராமல் இருக்கலாம். சம்பளம் வாங்கும் பயிற்சியாளர் ஏன் ஒத்துவர மாட்டார்? கஞ்சாவும் மாத்திரையும் பள்ளி வாசல் வரை வந்துவிட்டதாகப் பெற்றோர் அஞ்சும் நேரத்தில், மாலை ஐந்து மணிக்கு மைதானத்தில் நிற்கும் ஓர் ஆளைவிடப் பெரிய காவல் எனக்குத் தெரியவில்லை.

நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. கண்ணகி நகரை எல்லோருக்கும் தெரியும். 2000ஆம் ஆண்டு முதல் சென்னையின் நடுவிலிருந்தும் ஆற்றங்கரைகளிலிருந்தும் குடும்பங்களை எடுத்து, பழைய மகாபலிபுரம் சாலையோரம் குடியமர்த்திய இடம். அதுவும் அரசுக் கொள்கைதான். வீட்டைக் கொடுத்தார்கள், வேலைக்கும் பள்ளிக்கும் நெடுந்தூரம் போக வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொன்னாலே வேலை மறுக்கப்படுகிறது என்று அங்கே வளர்ந்த பிள்ளைகள் சொன்ன காலம் உண்டு. அந்தக் கண்ணகி நகரிலிருந்துதான் கார்த்திகா வந்தார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியின் துணைத் தலைவி. அங்கே பெரிய அரங்கம் ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் குடியிருப்புக்குள்ளேயே பெண் பிள்ளைகளைத் திரட்டித் தொடர்ந்து பயிற்சி தந்த ஒரு பயிற்சியாளர் இருந்தார். அவ்வளவுதான். ஆனால் ஒரு தனி மனிதரின் பிடிவாதத்தை நம்பி ஒரு மாநிலத்தின் பிள்ளைகளை விடலாமா? அப்படி ஒருவர் வாய்க்காத குடியிருப்பில் இருக்கும் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

ஆள் வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. திருவிழாவை ஒட்டி நடக்கும் கபடிப் போட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். பல ஊர்களில் அணி தெருவாரியாகப் பிரிகிறது. தெருவாரி என்றால் சாதிவாரி. பனியனில் அச்சடித்த படத்தைப் பார்த்தாலே இது எந்தத் தெரு அணி என்று சொல்லிவிடலாம். பந்தையும் தளத்தையும் மட்டும் கொடுத்தால் அவை யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர்களிடம் போய்ச் சேரும். எல்லாத் தெருப் பிள்ளைகளையும் ஒரே அணியில் எடுத்து, திறமையை மட்டும் பார்த்து நிறுத்துகிற துணிச்சல், ஊரில் யாருக்கும் கட்டுப்படாத, அரசுச் சம்பளம் வாங்குகிற ஒருவருக்குத்தான் வரும். பெண் பிள்ளைகள் விஷயமும் இதுதான். வயசுக்கு வந்த மகளைச் சாயங்காலம் மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் அம்மா, ‘டீச்சர் இருக்காங்கல்ல?’ என்று கேட்டுவிட்டு அனுப்புவார். இந்த அரங்கில் இருக்கும் மாணவியரே, அந்த டீச்சர் நீங்கள்தான்.

நிலத்தையும் விட்டுவிட முடியாது. தமிழ்நாட்டில் 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது விதி. 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், அந்த இடத்தைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைத்தாக வேண்டும். வரைபடத்தில் பச்சை நிறத்தில் அழகாக இருக்கும். நேரில் போனால் டிரான்ஸ்ஃபார்மர், மேல்நிலைத் தொட்டி, ரேஷன் கடை, மிச்சம் மீதியில் கருவேல முள். தண்ணீர்த் தொட்டியும் தேவைதான், மறுக்கவில்லை. ஒவ்வொரு தேவைக்கும் முதலில் கைவைக்கும் இடம் பிள்ளைகள் விளையாடுகிற இடமாக இருக்கிறதே, அதுதான் பொறுக்கவில்லை. 2023இல் ஹரியானா மாநிலச் சிற்றூர் ஒன்றில் பள்ளித் திடலை ஆக்கிரமித்திருந்தவர்களை அகற்றச் சொன்ன உச்ச நீதிமன்றம், திடல் இல்லாமல் பள்ளி இருக்க முடியாது என்று தெளிவாகச் சொன்னது. தீர்ப்பு வந்துவிட்டது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேட்க ஊரில் ஆள் இல்லை.

அரசுக்கு என் வேண்டுகோள் இதுதான். தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன. முதலில் ஒன்றியத்துக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக, காலமுறை ஊதியத்தில் சமுதாய விளையாட்டுப் பயிற்சியாளர்களை அமர்த்துங்கள். பதக்கக் கணக்கை அவர்களிடம் கேட்காதீர்கள். எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எந்தெந்தத் தெருவிலிருந்து வந்தார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். சென்னையில் 1920இலேயே ஹாரி குரோ பக் உடற்கல்விக்கு ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளியைத் தொடங்கிவிட்டார். நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆட்களைப் பயிற்றுகிற மாநிலத்தில் அவர்களுக்கு வேலை இல்லை என்பது அடுக்காது.

பட்டதாரிகளே, அரசு ஆணை வரும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் ஊரில் அடுத்த கிராம சபை நடக்கும் நாளில் போய் உட்காருங்கள். ஊர் விளையாட்டுத் திடலின் சர்வே எண் என்ன, பரப்பு எவ்வளவு, இப்போது அதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பீரோவின் சாவியைக் கேளுங்கள். மாலையில் திடலைத் திறந்து வைக்கும் பொறுப்பை உங்கள் பெயரில் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். அதற்கு ஊதியம் வேண்டும் என்பதையும் அதே தீர்மானத்தில் தயங்காமல் எழுதச் சொல்லுங்கள்.