கர்ப்பிணியும் மருந்தும்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளம் பேசும் மேடையில் இன்று மருந்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதுவும் தொழிலாளர் பிரச்சினைதான்.

1957-ல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. ஆபத்தில்லாத மருந்து என்று விளம்பரம் செய்தார்கள். கர்ப்பிணிகள் மசக்கைக்கும் அதைச் சாப்பிட்டார்கள். பல நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைந்தும் வேறு ஊனங்களோடும் பிறந்தன. 1961 நவம்பரில்தான் அங்கே விற்பனை நின்றது. அமெரிக்காவிலோ, டாக்டர் பிரான்சிஸ் கெல்சி என்ற அம்மையார் போதிய அத்தாட்சி இல்லையென்று அனுமதி தர மறுத்தார். அவர் கேட்ட கேள்வி எத்தனையோ குழந்தைகளைக் காத்தது.

அந்தக் கேடு கருத்தரித்த சில வாரங்களுக்குள், பலர் கர்ப்பம் என்றே அறியாத நாட்களில் நேர்ந்தது. ஆகவே நாள் தள்ளிப்போன பெண், எந்த மருந்து வாங்கினாலும், "கர்ப்பமாக இருக்கலாம்" என்று முதலில் சொல்ல வேண்டும்.

பால் வாளி தூக்கி இடுப்பு வலித்தால் கடையில் மாத்திரை வாங்குகிறோம். ஐபுபுரோபன், டைக்குளோபெனாக் போன்றவை ஐந்தாம் மாதத்துக்குமேல் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். கடைசி மாதங்களில் இருதயத்தின் இரத்தக் குழாயையும் பாதிக்கலாம். எனலாப்ரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளும் கர்ப்பத்துக்கு ஆகாதவை.

அதற்காகப் பயந்து, வலிப்பு, ஆஸ்துமா, நீரிழிவு மருந்துகளைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. நோய் முற்றினால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. உடனே கிளினிக்குக்குப் போங்கள். மாற்ற வேண்டியதை மருத்துவர் மாற்றட்டும். நாட்டு மருந்து, ஜாமு உட்பட வீட்டிலுள்ள அத்தனையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

"கர்ப்பத்தைச் சொன்னால் வேலை போகுமே" என்று மறைக்கும் தாய்மார்களும் உண்டு. மலேசிய வேலைச் சட்டத் திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் அமலில் உள்ளது. கர்ப்பிணியைக் கர்ப்பத்துக்காக வேலையிலிருந்து நீக்குவது குற்றம். பிரசவ விடுப்பும் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. மறைக்கத் தேவையில்லை, மிரட்டினால் சங்கத்திடம் வாருங்கள்.

கிராணிமார்களே! மாத்திரை உறையில் இருப்பதைப் படிக்க இயலாதவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள். கணவன்மார்களே! கிளினிக் நாளன்று மனைவியோடு கூடப் போங்கள். பிறக்கப்போவது நம் பிள்ளை.